கேட்ட வழியை நினைவில் வைப்பது

கணினியை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முதலில் ஒரு விடை வேண்டும்: எந்த இணைப்பு வழியாக, அடுத்து யாரிடம் போவது? லினக்ஸில் அந்த விடை கர்னலிடம் இருக்கும் ரூட்டிங் டேபிளில் உள்ளது. அதில் 10.0.0.0/8 என்று ஒரு வரியும் 10.1.0.0/16 என்று இன்னொரு வரியும் இருந்தால், 10.1.2.3 என்ற முகவரி இரண்டுக்குமே பொருந்தும். அப்போது நீளமாகப் பொருந்தும் வரியே செல்லும். இந்தத் தேடலுக்காக 2005-இல் ராபர்ட் ஓல்சன் முதலானோர் லினக்ஸுக்குக் கொண்டுவந்த ட்ரை என்னும் கிளை அமைப்பு, பல லட்சம் வரிகளுக்கு நடுவிலும் சில தாவல்களில் விடையை எட்டிவிடும்.

ஆக, கர்னலுக்குள் தேடுவது வேகமானதுதான். வெளியிலிருந்து கேட்பதில்தான் நேரம் போகிறது.

டிபிடிகே போன்ற கருவிகளைக் கொண்டு எழுதிய நிரல்கள், கர்னலை ஒதுக்கிவிட்டு, நெட்வொர்க் அட்டையிலிருந்து பாக்கெட்டுகளை நேரே யூசர் ஸ்பேஸுக்கு எடுத்துக்கொள்கின்றன. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 1.488 கோடி வரை வரலாம். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. ஆனால் பேர்ட், எஃப்ஆர்ஆர் போன்ற ரூட்டிங் நிரல்கள் கற்றுக்கொண்ட வழிகளையெல்லாம் கர்னலின் டேபிளில்தான் எழுதிவைக்கின்றன. அதைக் கேட்டறிய நெட்லிங்க் என்ற வாயில் உண்டு. கேள்வியை அனுப்ப ஒரு சிஸ்டம் கால், பதிலை வாங்க இன்னொன்று, செய்தியைக் கட்டவும் பிரிக்கவும் தனி வேலை. இத்தனையும் 67 நானோ நொடிக்குள் அடங்காது.

அதனால் ஒருமுறை கேட்ட விடையை நிரல் தன் நினைவகத்திலேயே கேஷாக வைத்துக்கொள்கிறது. அதே முகவரிக்கு அடுத்த பாக்கெட் வந்தால் ஹாஷ் டேபிளில் ஒரு பார்வை போதும்.

இங்கே அவசரப்பட்டால் தவறு நேரும். 10.9.9.9-க்கு /8 வரி விடையாக வந்தது என்பதற்காக, அந்த /8 முழுவதற்கும் அதே விடை என்று குறித்துவைத்தால், 10.1.2.3-க்குப் போக வேண்டியதும் தப்பான வழியில் போய்விடும். கேட்ட முகவரிக்கு மட்டுமே அந்த விடை. அனுப்புநர் முகவரியையும் பார்த்து வழி பிரிக்கும் விதிகள் இருந்தால், கேஷின் சாவியில் அதுவும் சேர வேண்டும். இதற்கு மாற்றாக டேபிள் முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஓப்பன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் அப்படித்தான் செய்கிறது. ஆனால் நகலெடுத்தவர், கர்னல் பின்பற்றும் விதிகளையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். சில ஆயிரம் முகவரிகளோடு மட்டும் பேசும் நிரலுக்கு, கேட்ட விடையைச் சேமிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

கர்னலும் ஒரு காலத்தில் இப்படியொரு கேஷை வைத்திருந்தது. 2012-இல் வந்த லினக்ஸ் 3.6-இல் டேவிட் மில்லர் அதை நீக்கினார். யாரோ ஒருவர் வெவ்வேறு முகவரிகளிட்ட பாக்கெட்டுகளை வெள்ளமாக அனுப்பினால் கேஷ் பயனற்ற பதிவுகளால் நிரம்பிவிடும்; அவற்றைத் துப்புரவு செய்வதிலேயே கணினி களைத்துவிடும். யூசர் ஸ்பேஸ் கேஷுக்கும் இந்த ஆபத்து உண்டு. அளவை முன்பே வரையறுத்து, புதியது வரும்போது பழையதன் மேல் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

உண்மையான உழைப்பு மறப்பதில் இருக்கிறது. வழி மாறும்போது நெட்லிங்க் அறிவிப்பு அனுப்பும். நிரல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்து பழைய விடையை அழிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் அது சேர்ந்தபோது இருந்த தலைமுறை எண்ணைக் குறித்துவைத்தால், எது கெட்டது, எது நல்லது என்று ஆராயாமல் நடப்பு எண்ணை ஒன்று கூட்டிவிடலாம். பழைய எண்ணோடு இருக்கும் பதிவுகள் எல்லாம் அந்த நொடியே செல்லாதவை ஆகிவிடும். ஆனால் அறிவிப்புகள் குவிந்து சாக்கெட்டின் இடம் நிரம்பினால் கர்னல் சிலவற்றைக் கைவிட்டுவிடும். நிரலுக்குக் கிடைப்பது ‘இடமில்லை’ என்ற பிழை மட்டுமே. தவறிப்போனது எது என்று தெரியாது. அப்போது கேஷ் முழுவதையும் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். ஓர் இணைப்பை நிர்வாகி அணைக்கும்போது அதன் ஐபிவி4 வழிகளை கர்னல் நீக்கிவிடும், ஆனால் ஒவ்வொரு வழிக்கும் தனி அறிவிப்பு அனுப்பாது. வழி மாற்றங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல், அணைந்துபோன இணைப்பை நோக்கியே பாக்கெட்டுகளைத் தள்ளிக்கொண்டிருக்கும். இணைப்புகளின் நிலை குறித்த அறிவிப்புக் குழுவிலும் அது சேர்ந்திருக்க வேண்டும்.