விஷச் சாராயமும் காலதாமதமும்

சாராயம் என்று பெயர் பெறுவன யாவும் ஒரே வஸ்துவல்ல. வெல்லம், வேலம்பட்டை முதலியவற்றை ஊறப்போட்டுக் காய்ச்சும்போது பெரும்பாலும் உண்டாவது எதனால் என்பதாகும். தொழிற்சாலைகளில் வர்ணம், வார்னிஷ் முதலியவற்றிற்கு உபயோகமாகும் மெதனால் வேறொன்று. முன்னது நாளடைவில் ஈரலைக் கெடுத்துக் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும். பின்னதோ ஒரே வேளையில் உயிரைப் போக்கும். எனினும் இரண்டும் தண்ணீரைப்போல் நிறமற்றவை. வாசனையாலும் ருசியாலும் குடிப்பவனுக்குப் பேதம் விளங்காது. கொளுத்திப் பார்த்துச் சுவாலையின் நிறத்தால் அறியலாம் என்பதும் நம்பத் தகாததே.

கள்ளச் சாராயம் விற்போர் லாபத்தை உத்தேசித்து மெதனாலைக் கலக்கின்றனர். 2023-ம் வருஷம் மே மாதத்தில் விழுப்புரம், செங்கல்பட்டு ஜில்லாக்களில் 20-க்கு மேற்பட்டோரும், 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோரும் இவ்விதமே மாண்டனர்.

மெதனால் வயிற்றில் சென்றவுடன் சாதாரணப் போதையையே தருகிறது. பின்னர் ஈரல் அதனை முதலில் பார்மால்டிஹைடாகவும், அப்பால் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இவ்வமிலமே உண்மையான விஷம். இது இரத்தத்தைப் புளிக்கச் செய்து, கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. சுத்தமான மெதனால் 10 மில்லி லிட்டர் அளவே பார்வையைப் போக்கக் கூடும். 30 மில்லி லிட்டர் அளவு உயிருக்கே அபாயம்.

இம்மாறுதலுக்கு அநேகமாக 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். எதனாலும் உடன் கலந்திருந்தால், ஈரல் முதலில் அதனையே எடுத்துக்கொள்வதால் இன்னும் தாமதமாகும். ஆகவே, இரவில் குடித்தவன் காலையில் சுகமாக எழுந்திருப்பதைக் கண்டு அபாயம் நீங்கிற்றென்று எண்ணலாகாது. தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பனி மூடினாற்போன்ற மங்கிய பார்வை ஆகியவை அதன் பின்னரே தோன்றும். இவற்றைக் குடியின் மயக்கமென்று கருதி, மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் படுக்க வைப்பதாலேயே பல உயிர்கள் வீணாகின்றன.

ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்துண்டு. போமெபிசோல் என்னும் மருந்தும், வைத்தியர் அளந்து கொடுக்கும் சுத்தமான எதனாலும் ஈரல் விஷத்தை உண்டாக்குவதைத் தடுக்கும். இரத்தத்தைச் சுத்தி செய்யும் யந்திரத்தால் மெதனாலையும் அமிலத்தையும் வெளியேற்றலாம். ஆனால் கெட்டுப்போன கண் நரம்பைப் பிறகு சீர்செய்தல் அரிது. வீட்டிலேயே மேலும் சாராயம் கொடுத்து முறிக்க முயல்வது பெருந்தவறு.

ஆதலின் ஒருவனுக்கு இக்குறிகள் கண்டால், உடனே 108-க்குத் தெரிவித்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியிற் சேர்க்க வேண்டும். அவன் குடித்ததை வெட்கத்தாலோ பயத்தாலோ வைத்தியரிடம் மறைத்தலாகாது. அவனோடு அதே சரக்கைக் குடித்தோர் யாவரையும், நோய் காணாவிடினும், தேடி அழைத்துச் செல்லுதல் அவசியம்.

மதுவிலக்குச் சட்டம் சேலம் ஜில்லாவில் 1937-ல் தொடங்கி, 1948-ல் சென்னை ராஜதானி முழுமைக்கும் பரவிற்று. 1971-ல் தளர்ந்து, 1974-ல் மீண்டும் வந்து, பிற்காலத்தில் மறுபடியும் தளர்ந்தது. சட்டங்கள் மாறினும் விஷத்தின் இயல்பு மாறவில்லை. சம்பாதிப்பவன் மாண்டால் அவன் வாங்கிய கடன் மனைவி மக்களின் தலைமேல் பாரமாக நிற்கிறது. ஐக்கிய சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்விஷயத்தை மகாஜனக் கூட்டத்தில் எடுத்துரைத்து, தத்தம் தெருவாருக்கும் அறிவிப்பாராயின், அதுவும் சங்கம் ஊருக்குச் செய்யும் சேவையேயாகும்.