“விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்”

விமானம் என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பதுங்குகுழிதான். நான் சொல்லப்போவது வேறு வகை விமானம். இரண்டு அல்லது நான்கு பேர் இருக்கக்கூடிய, ஒற்றை இயந்திரம் கொண்ட சிறிய விமானம். அமெரிக்காவில் 17 வயது நிறைந்த ஒருவர், ஆகக் குறைந்தது 40 மணித்தியாலம் பறந்து பழகி, வைத்தியப் பரிசோதனையிலும் பரீட்சைகளிலும் சித்தியடைந்தால் அதனை ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெறலாம். பழகுபவர்களில் பலர் அஞ்சுவது உயரத்துக்கு அல்ல. வானொலியில் வாய் திறந்து பேசுவதற்குத்தான்.

லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வானம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதனை ‘பிராவோ’ வான்பரப்பு என்பார்கள். தலைகீழாகக் கவிழ்த்து வைத்த கலியாணக் கேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் அது நிலத்திலிருந்தே தொடங்குகிறது. தூரம் போகப் போக அதன் அடித்தட்டு உயர்ந்துகொண்டு போகும். உச்சி பெரும்பாலும் 10,000 அடி. வேலியும் இல்லை, மதிலும் இல்லை. எல்லைகள் வரைபடத்தில் மட்டுமே. அடித்தட்டுக்குக் கீழால் சிறிய விமானம் போகலாம். கவனம் தவறிச் சில நூறு அடி உயர்ந்தால், பெரிய பயணிகள் விமானங்களின் பாதைக்குள் அது நிற்கும்.

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, அப்படித்தான் நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகில் உள்ள செரிட்டோஸ் நகருக்கு மேலே, ஏறக்குறைய 6,500 அடி உயரத்தில், ஒரு சிறிய பைப்பர் விமானமும் தரையிறங்க வந்துகொண்டிருந்த ஏரோமெக்சிக்கோ பயணிகள் விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த 67 பேரும் இறந்தார்கள். கீழே நிலத்தில் இருந்த 15 பேரும் இறந்தார்கள். வானத்திலிருந்து வீட்டின் மேல் விழும் சாவை எமது வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பைப்பர் அனுமதி பெறாமல், தவறுதலாக அந்த வான்பரப்புக்குள் போயிருந்தது. அதன் உயரத்தைக் கட்டுப்பாட்டாளரின் திரைக்கு அறிவிக்கும் கருவியும் அதில் இருக்கவில்லை. ஆனால் விசாரணை விமானியோடு மட்டும் நிற்கவில்லை. மோதலைத் தடுக்கக் கட்டுப்பாட்டு முறைமையிலேயே போதிய ஏற்பாடு இல்லை என்றும் கூறியது. பின்னர், அத்தகைய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் அறிவிக்கும் கருவி பொதுவாகக் கட்டாயமானது. பெரிய பயணிகள் விமானங்களுக்கு மோதலை எச்சரிக்கும் கருவியும் வந்தது.

இன்று புதிதாகப் பழகும் ஒரு பெண் அந்த எல்லையை நெருங்குகிறாள் என்று வையுங்கள். யாரை அழைக்கிறாள், தான் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில், என்ன வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே ஒரு துண்டில் எழுதி முழங்காலில் கட்டி வைத்திருப்பாள். முதல் அழைப்பிலேயே “மாணவ விமானி” என்று சேர்த்துச் சொல்லும்படி அமெரிக்க விமானிகளுக்கான அரச கைநூல் அறிவுறுத்துகிறது. அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் அவளுக்கு மேலதிகமாக உதவ வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. புதியவள் என்பதை மறைத்தால்தான் ஆபத்து.

கட்டுப்பாட்டாளர் நான்கு இலக்கக் குறியீடு ஒன்றைத் தருவார். அவள் அதைத் திருப்பிச் சொல்லி, கருவியில் பதிவாள். “ரேடாரில் தெரிகிறீர்கள்” என்று பதில் வரும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். சிறிய விமான நிலையங்களில், கட்டுப்பாட்டாளர் எமது விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லிப் பதிலளித்து, வெளியே நிற்கும்படி சொல்லாவிட்டால் உள்ளே போகலாம். பிராவோவில் அது போதாது. “பிராவோவுக்குள் நுழைய அனுமதி” என்ற சொற்களையே காதால் கேட்க வேண்டும். ‘தெரிகிறீர்கள்’ என்பது அனுமதி அல்ல.

அறிவுறுத்தல் விளங்காவிட்டால்? உடனே விளக்கம் கேட்க வேண்டும் என்று அமெரிக்க விமானச் சட்டமே சொல்கிறது. சொன்னபடி செய்வது ஆபத்து என்றால் “முடியாது” என்று ஒரே சொல்லில் மறுக்கலாம். விமானத்தைப் பற்றிய இறுதி முடிவு அதை ஓட்டுபவருடையது.

இதை வாசித்தபோது, நான் ஒரு தாயுடன் போன அலுவலகம் ஒன்று நினைவுக்கு வந்தது. காணாமற்போன மகனின் படிவம். யன்னலுக்கு அப்பால் இருந்தவர் மளமளவென்று ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். பட்டம் பெற்றவள் நான், எனக்கும் விளங்கவில்லை. பிழையான படிவத்தோடு திரும்பி வந்தோம். அதற்காக இரண்டு முறை பஸ் ஏற வேண்டியதாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் அந்தச் சொற்கள் கிடைக்கவில்லை. தனியே பறப்பதென்றால், அந்த வான்பரப்பிலேயே பயிற்சி தந்த ஆசிரியர் கடந்த 90 நாட்களுக்குள் இட்ட கையொப்பமும் அவளது பதிவேட்டில் இருக்க வேண்டும். அது இருக்கிறது. வானொலியில் மற்ற விமானங்களின் குரல்கள் இடைவிடாமல் ஓடுகின்றன. எல்லைக்கு வெளியே ஒரு வட்டம் அடிக்கிறாள். மற்றொன்று. இடைவெளி ஒன்று கிடைத்ததும் பொத்தானை அழுத்திக் கேட்கிறாள்: “பிராவோவுக்குள் நுழைய எனக்கு அனுமதி உண்டா? உறுதிப்படுத்துங்கள்.”