லேசான துப்பாக்கி

காத்கோதாம் ரயில் நிலையத்தில் பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்கு முன் வந்து நிற்பவர்கள் இரு வகையினர். சாமான் அனுப்ப வருகிறவர்கள் அவசரக்காரர்கள். எடை போட்டு ரசீது கைக்கு வந்ததும் ஓடிவிடுவார்கள். சாமானை எதிர்பார்த்து வருகிறவர்கள் அப்படி அல்ல. “வந்துவிட்டதா, பாபுஜி?” என்று நிதானமாகக் கேட்பார்கள். இல்லை என்று சொன்ன பிறகும் போக மனம் வராமல், உள்ளே அடுக்கியிருக்கும் மூட்டைகளை ஒரு தடவை கண்ணால் துழாவிவிட்டுத்தான் நகர்வார்கள்.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் நைனிதால் போகும் வழியில் இந்த நிலையத்தில் இறங்கியிருக்கும். 1884-ம் வருஷம் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. மேலே நைனிதாலுக்கு இன்றும் தண்டவாளம் கிடையாது, மலைப்பாதைதான். காத் என்றால் மரம், கோதாம் என்றால் கிடங்கு. இந்தக் கோதாமே நம் ‘கிடங்கு’ உருமாறி வந்தது என்று சொல்வாரும் உண்டு. அப்படியானால் எனக்கு முன்பே ஒரு தமிழ்ச் சொல் இங்கு வந்து உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது!

எத்தனையோ விதமான சாமான்களுக்குக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்திராத ஒரு காத்திருப்பைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். தன் உடம்புக்கென்று அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன, கனமில்லாத ஒரு வேட்டைத் துப்பாக்கிக்காக ஒரு மனிதன் காத்திருப்பது அது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்றைக்கும் இப்படிக் காத்திருக்கிறார்கள்; மாதக் கணக்கில், சில வேளைகளில் வருஷக் கணக்கில்.

கடையில் விற்கிற துப்பாக்கி போதாதா என்று கேட்கலாம். தீபாவளிக்கு ஆயத்த உடுப்பு வாங்கியவர்களுக்கு இதன் விடை தெரியும். தோள் சரியாக அமைந்தால் கை நீண்டிருக்கும். கை சரியாக இருந்தால் கழுத்துப் பிடிக்கும். துப்பாக்கியும் அப்படியே. விசையிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள நீளம் ஆளின் கை நீளத்துக்கு ஒத்துவர வேண்டும். கட்டை எவ்வளவு தாழ்ந்திருக்கலாம் என்பது அவருடைய கழுத்தையும் கன்னத்தையும் பொறுத்தது. பக்கவாட்டில் ஒரு சிறு வளைவும் வேண்டும். தோளில் ஏற்றிய மாத்திரத்தில் கண்ணும் குறியும் தாமாகவே ஒரே கோட்டில் வந்து நிற்பதற்காகத்தான் இத்தனையும். இந்த அளவுகளை எடுப்பதற்கென்றே, அங்கங்கே திருகி நீட்டவும் வளைக்கவும் கூடிய ஒரு மாதிரித் துப்பாக்கியைக் கம்மியர்கள் வைத்திருப்பார்கள்.

அளவு எடுத்தாயிற்று, அதற்கு மேல்தான் காலம் செல்கிறது. கட்டைக்கு உகந்தது வால்நட் மரம். இங்கே மலை ஜனங்கள் அக்ரோட் என்று சொல்லிக் கொட்டையை உடைத்துத் தின்கிறார்களே, அந்த மரந்தான். அறுத்த பலகையைப் பல வருஷம் உலரவிட வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் மரம் பின்னால் முறுக்கிக்கொண்டு குழலைத் தள்ளும், குறி தவறும். குழல் செய்வது ஒருவர் வேலை, கட்டை பொருத்துவது மற்றொருவர் வேலை, பூவேலை செதுக்குவது வேறொருவர் வேலை. கட்டை பொருத்துகிறவர் இரும்புப் பாகத்தில் விளக்குப் புகைக் கரியைத் தடவி மரத்தில் வைத்து எடுப்பார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் மயிரிழை அளவு சீவுவார். மறுபடி கரி, மறுபடி சீவல். இப்படி நாட்கள் போகும். முடிவில் சோதனைச் சாலை. லண்டன் துப்பாக்கிக் கம்மியர் கழகம் 1637-ம் வருஷத்தில் அரச பட்டயம் பெற்றது. அவர்களுடைய சாலையில், வழக்கத்தை மிஞ்சிய வேகமுள்ள தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள்.

இனி எடை விஷயம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் புலிக்கும் யானைக்கும் வெள்ளைக்காரர்கள் சுமந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகள் 10 முதல் 12 ராத்தல் வரை இருந்தன. லண்டன் ரிக்பி கம்பெனியார், ஜெர்மனியில் மௌசர் தொழிற்சாலை செய்த இயந்திரப் பாகத்தை வாங்கிச் செய்த .275 துப்பாக்கியோ சுமார் 7½ ராத்தல். மூன்று நான்கு ராத்தல் ஒரு வித்தியாசமா என்று எனக்கும் முதலில் தோன்றிற்று. எடை பார்ப்பதே பிழைப்பாக உள்ளவன் அப்படி எண்ணலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை 3½ கிலோ கோதுமை மாவைப் பையில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ராணிபாக் வரை ஏறி இறங்கினேன். அடுத்த ஞாயிறு 5½ கிலோ.

“மாவு மூட்டையை மலைக்குக் கூட்டிப் போய்க் காற்று வாங்கச் செய்கிறீர்களோ?” என்றாள் என் மனைவி.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். முதல் வாரம் வீடு திரும்பியதும் காப்பி கேட்டேன். இரண்டாம் வாரம் படுக்கை கேட்டேன். அதுவும் தார் ரோட்டில், ஒரு வேளை நடைக்கு. முள்ளிலும் பாறையிலும், பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை, எந்தப் புதரிலிருந்து எது பாயுமோ என்ற நிலையில் நடப்பவனுக்கு அந்த 2 கிலோ என்ன செய்யும் என்பதைப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் லேசு என்பது இனாமாகக் கிடைப்பதல்ல. அதே தோட்டாவைக் கனம் குறைந்த துப்பாக்கியில் வைத்துச் சுட்டால் அது அதிக வேகத்தோடு பின்வாங்கித் தோளை இடிக்கிறது. கனமான குழல் கையின் நடுக்கத்தை அடக்கும்; லேசான குழல் மூச்சு வாங்குவதைக்கூடக் குறியில் காட்டிவிடும். நாள் முழுவதும் மிச்சம் பிடித்த பாரத்தை ஒரே விநாடியில் தோள் கட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது. குழலை வேண்டிய மட்டும் மெலியச் செய்து, கட்டையை உள்ளே குடைந்து, ஆனாலும் கை நடுங்காமல் நிற்கும்படி சமன் செய்வதில்தான் கம்மியனின் சாமர்த்தியம் இருக்கிறது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் 1985-ம் வருஷ வாக்கில் மரத்தையே விட்டுவிட்டு, கெவ்லார் முதலிய செயற்கை இழைகளால் கட்டை செய்து 5 ராத்தல் அளவில் துப்பாக்கியை நிறுத்திக் காட்டினார். மலையாடு வேட்டைக்காரர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதமாயிற்று.

வெள்ளைக்காரர் ஆண்ட நாளில் நம் நாட்டிலிருந்து லண்டனுக்கு ஆர்டர் எழுதினவர்களுடைய காத்திருப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். கடிதம் கப்பலேறிப் போய்ச் சேரவே இரண்டு மூன்று வாரம். அங்கே ஒரு சந்தேகம் தோன்றி, கட்டை நீளம் 14 அங்குலமா 14¼ அங்குலமா என்று கேட்டு எழுதினால் மறுபடி அத்தனை வாரம். செய்து முடித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பினால், கடல் கடந்து, சுங்கம் கடந்து, ரயிலில் வந்து, எங்களைப் போன்ற ஒரு பாபுவின் ஜன்னலுக்குப் பின்னால் வந்து கிடக்கும். அதற்குள் வேட்டைப் பருவம் முடிந்து மழை பிடித்துக்கொண்டிருக்கும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியவர்கள் கல்கத்தாவில் மாண்டன் கடையிலோ, நம் சென்னையில் மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு ஸன்ஸ் கடையிலோ இருந்ததை வாங்கித் திருப்தியடைந்தார்கள்.

ஆர்டரும் கொடுக்காமல், காத்திருக்கவும் செய்யாமல், மிகப் பிரசித்தி பெற்ற லேசான துப்பாக்கி ஒன்றைப் பெற்றவர் எங்கள் இலாகாக்காரர் என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். ஜிம் கார்பெட் பிறந்தது 1875-ல், நைனிதாலில்; தகப்பனார் அவ்வூர்ப் போஸ்ட் மாஸ்டர். மகனோ ரயில்வேயில் சேர்ந்து, எஞ்சினுக்கு விறகு வெட்டி அனுப்பும் எரிபொருள் இன்ஸ்பெக்டராக வேலை தொடங்கினார். பிறகு பீகாரில் மொகாமா காட்டில் (காடு அல்ல, படித்துறை, இந்தியில் காட்) இருபது வருஷத்துக்கு மேல் சரக்கு மாற்றும் கண்டிராக்டு எடுத்திருந்தார். கங்கைக்குத் தெற்கே பெரிய பாதை, வடக்கே மீட்டர் பாதை. நடுவில் பாலம் இல்லை. மூட்டைகள் யாவும் மனிதர் தலையிலேறித்தான் வண்டி மாறின. அங்கே ரயில்-சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1959-ல்தான். இன்று புலிக்காக உலகம் கொண்டாடும் இம்மனிதர் வாழ்நாளில் இருபது வருஷத்துக்கு மேல் கூட்ஸ் ஷெட்டில் கழித்தார் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு தனிப் பெருமை.

1907-ல், 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை அவர் சுட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது பாலி என்ற கிராமத்தார் ஐந்து நாட்களாக வாசற்படி தாண்டவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தார்கள். அன்று அவர் கையில் இருந்தது கனமான .500 இரட்டைக் குழல், தோட்டாக்கள் மூன்றே. மூன்றும் தீர்ந்த பிறகு ஓடிப்போய்த் தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கிவந்து சுட வேண்டியதாயிற்று.

இதற்காக ஐக்கிய மாகாண லெப்டினென்ட் கவர்னர் ஸர் ஜான் ஹியூவெட் அவருக்கு ரிக்பி .275 துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார். சம்பாவத் புலியைக் கொன்றமைக்காக என்று பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிந்திருக்கிறது. கார்பெட்டின் புத்தகத்தில் பாருங்கள்: நைனிதால் தர்பாரில் தாசில்தாருக்குத் துப்பாக்கியும், உடன் வந்த மனிதனுக்கு வேட்டைக் கத்தியும் கொடுத்ததை எழுதுகிறார். தமக்குக் கிடைத்ததைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல் இல்லை. தி. ஜ. ர. அவர்கள் தமிழாக்கிய ‘குமாயுன் புலிகள்’ வழியாக அதைப் பள்ளி நாளில் படித்தவன் நான். பரிசு விவரம் தெரிந்தபின் அந்தப் பக்கத்தை மறுபடி புரட்டி, இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருப்பாரோ என்று எண்ணியதுண்டு.

லேசான துப்பாக்கியின் பயன் இன்னதென்று அவரே சொல்லும் இடம் வேறொன்று. 1930 ஏப்ரலில் சௌகட் பெண்புலியைத் தேடிக் காலா ஆகர் பக்கத்தில் ஓர் ஓடைக்குள் இறங்குகிறார். வழியில் பக்கி என்னும் இராப்பறவையின் முட்டைகள் இரண்டு கிடைக்கின்றன. பறவை முட்டைகளைச் சேர்ப்பது அவர் வழக்கம், இடக்கையில் வைத்துக்கொள்கிறார். வலக்கையில் லேசான துப்பாக்கி. ஒரு பெரும்பாறையைச் சுற்றி வந்து வலப்புறம் திரும்பிப் பார்க்கிறார். ஏறக்குறைய எட்டடித் தொலைவில் புலி படுத்து அவரையே பார்க்கிறது.

துப்பாக்கி முனையோ வேறு பக்கம் நோக்கியிருந்தது. சட்டென்று திரும்பினால் பாய்ந்துவிடும். ஒற்றைக் கையால், நகர்வது தெரியாத மெதுவில், முக்கால் வட்டம் முனையைச் சுழற்றினார். கை முழு நீளமும் நீண்டு நடுங்கத் தொடங்கும் சமயத்தில் விசையை அழுத்தினார். தமக்குக் கேடு என்று பிறர் நினைக்கக்கூடிய மூன்று சங்கதிகளே தம்மைக் காத்தன என்கிறார். இரு கையாலும் துப்பாக்கியைப் பற்றித் திரும்பாதபடி தடுத்த முட்டைகள் ஒன்று. நீட்டிய ஒற்றைக் கை தாங்கும்படி லேசாயிருந்த துப்பாக்கி மற்றொன்று. மூன்றாவது, அது மனிதரைக் கண்டு ஓடாத ஆட்கொல்லியாக இருந்தது. சாதாரணப் புலி சுட்டு வீழ்த்தும் வரை படுத்திராது அல்லவா? ராணிபாக் ஏற்றத்தில் நான் சுமந்த அந்த அதிகப்படி 2 கிலோ அன்று அவர் கையில் இருந்திருந்தால், நாம் படிக்க அந்தப் புத்தகமே இருந்திராது.

1947-ல் அவர் இந்தியாவை விட்டுக் கென்யா போனார். 1955-ல் அங்கே நியேரியில் காலமானார். ஹியூவெட் கொடுத்த துப்பாக்கி அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் வசம் இருந்து, 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியிடமே திரும்பிச் சென்றது. 2016-ல் அவர்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, காலாதுங்கியில் கார்பெட் உண்டாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமத்தாருக்குக் காட்டினார்கள். நான் அப்போது வேறோர் ஊரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். செய்தி பத்திரிகையில் கண்ணில் பட்டபோது துப்பாக்கி திரும்பப் போயாகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வூருக்கு மாற்றலாகி வந்தபின் ஒரு நாள், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு காலாதுங்கி சென்றேன். ஹல்த்வானியிலிருந்து ஒரு மணி நேர பஸ் பிரயாணம். அவர் குளிர்காலத்தில் வசித்த வீடு இப்போது காட்சிச்சாலை. நைனிதால் போகிற நம்மவர்கள் ஒரு வேளையை இதற்கு ஒதுக்கலாம். சாமான்களும் படங்களும் வைத்திருக்கிறார்கள். மரநிழலில் உட்காரவும் இடம் உண்டு.

எல்லாவற்றையும் பார்த்தபின் மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். மகளுக்குச் சௌகட் கதையைச் சொன்னேன். புலி விழுந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டேன். அவள் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்பா, அந்த முட்டை இரண்டும் உடைந்துபோயிற்றா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கார்பெட் திரும்ப நடந்து போய், எடுத்த இடத்திலேயே அவற்றை வைத்துவிட்டார். அரைமணி கழித்து அவ்வழியே வந்தபோது தாய்ப்பறவை அவற்றின் மேல் அமர்ந்திருந்தது. அதன் நிறம் பாறையின் நிறத்தோடு ஒன்றிப்போயிருந்ததால், கண்டுபிடிக்க அவருக்கே சற்று நேரம் ஆயிற்று.