கித்தாருக்கு வீட்டில் ஓர் இடம்

வாடிப்பட்டி மேளம் என்றால் தமிழகத்தில் அறியாதார் அரியர். தோல் கட்டிய பறையை வாசிக்குமுன் நெருப்பருகே காட்டிச் சூடேற்றுவது நம் பக்கத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வெப்பத்தால் தோலிலுள்ள ஈரம் வற்றுகிறது. தளர்ந்த தோல் இறுகுகிறது. மழுங்கிக் கிடந்த ஓசை கணீரென்று எழுகிறது. ஐப்பசி மழையில் அதே தோல் மீண்டும் தொய்ந்துவிடும். காற்றின் ஈரமும் வெயிலின் சூடும் ஓர் இசைக்கருவியை என்ன செய்யும் என்பதை மேளக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அதே ஊரில், அதே தெருவில், பிள்ளைக்கென்று ஒரு கித்தார் வாங்கி வைத்திருக்கும் வீட்டாரோ அதனை ஒரு நாற்காலியைப் போலவே நடத்துகிறார்கள். இடம் இருக்கும் மூலையில் சாய்த்து வைக்கிறார்கள். இடம் இல்லையென்றால் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். தோலுக்கு நேர்வது மரத்துக்கும் நேரும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

கித்தார் நம் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்த வழிகள் பல. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழாய் ஆர்கனைப் பெரிதும் போற்றியதோடு, தகுதியுடைய பிற இசைக்கருவிகளையும் கோவிலில் ஏற்கலாம் என்று இசைந்தது. 1976-இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக அறிமுகமான இளையராஜா, மதுரைக்கு மேற்கே பண்ணைப்புரத்தில் பிறந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர். கித்தார் நகரத்தார் கருவி என்னும் எண்ணத்தை அவருடைய பாடல்களே பெரிதும் மாற்றின. இன்று பங்குப் பாடகர் குழுவில் ஒரு கித்தாராவது இருப்பது வியப்புக்குரியதன்று. எனினும் பல இடங்களில் அது கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப்பின் உறங்கப் போய், அடுத்த மார்கழியில்தான் விழிக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் கழுத்து வளைந்திருக்கிறது, தந்திகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன, சுருதி சேரவில்லை. ஒரு குடும்பம் பல மாதம் சேர்த்துக் கொடுத்த பணம் அங்கே வீணாகிக் கிடக்கிறது. அதைவிடக் கேடு, கற்கத் தொடங்கிய பிள்ளை ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிடுவது. பழுது கருவியில், பழியோ பிள்ளையின் விரல்களுக்கு!

கித்தாரின் மேற்பலகையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதன் கனம் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர்தான். அதன்மேல், தந்திகளைப் பிணைத்து நிற்கும் ‘பிரிட்ஜ்’ என்னும் சிறு கட்டை பசையினால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆறு எஃகுத் தந்திகளையும் சுருதிக்கு ஏற்றினால் அவை சேர்ந்து இழுக்கும் விசை எழுபது கிலோவுக்குக் குறையாது. ஒரு மூட்டை நெல்லை நெருங்கும் பாரம் இரவும் பகலும் அந்த மெல்லிய பலகையைப் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறது. நைலான் தந்தி பூட்டிய கித்தாரில் இழுப்பு இதில் ஏறக்குறையப் பாதி.

மரமோ ஈரத்தை உண்டால் பருக்கும், இழந்தால் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாட்டில்தான் பெரிது. பலகையின் அடியில் குறுக்கே ஒட்டப்பட்ட சட்டங்கள் அதனை விருப்பம்போல் விரியவும் சுருங்கவும் விடுவதில்லை. ஆகவே ஈரம் மிகும்போது பலகை மேல்நோக்கி உப்புகிறது; தந்திகள் உயர்ந்துவிடுகின்றன. ஈரம் குறையும்போது பலகை குழிகிறது, சில வேளை வெடிக்கிறது; வீணையில் இருப்பதுபோல் கழுத்தில் பதித்த மெட்டுக்களின் முனைகள் மரத்தைவிட்டு நீண்டு கையைக் கீறுகின்றன. ஒட்டுப்பலகையால் செய்த விலை குறைந்த கித்தார்கள் இவ்வகையில் சற்றுக் கெட்டியானவை. ஒற்றைப் பலகையால் ஆன உயர்ந்த கித்தாரே நோஞ்சான் குழந்தை.

கித்தார் செய்வோர் விரும்பும் ஈரப்பதம் பொதுவாக நூற்றுக்கு 45 முதல் 55 வரை. இதனுடன் அவர்கள் தரும் அறிவுரை ஏட்டில் பெரும்பாலும் கித்தாருக்கு ஈரம் ஊட்டுவது எப்படி என்பதையே விரிவாகக் காணலாம். அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றுகிறார்கள், வெளியிலிருந்து வரும் குளிர்காற்று சூடேறும்போது மிக உலர்ந்துபோகிறது, கித்தார் வெடிக்கிறது. அந்த ஏட்டை அப்படியே பின்பற்றி, நம்மூரில் கார்த்திகை மாதத்தில் ஈரப் பஞ்சைப் பெட்டிக்குள் வைப்பவர் நோயில்லாதவருக்கு மருந்து கொடுத்து நோயை வரவழைக்கிறார். நமக்கு முதற் பகை வெப்பம். அடுத்தது மழைக்கால ஈரம். வறட்சியோ நமக்குச் சில மாதத்துப் பிற்பகல்களிலும், குளிரூட்டிய அறைகளிலும்தான் வரும்.

வாடிப்பட்டியின் ஆண்டுச் சுழற்சியைப் பாருங்கள். வடக்கே சிறுமலை, சுற்றிலும் வயல். 1895-இல் முடிந்த பெரியாறு அணையின் நீர் வைகை வழியே வந்து, பேரணையில் பிரிந்து, பெரியாற்றுக் கால்வாயாக இந்தப் பக்கம் பாய்கிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம். பங்குனி, சித்திரையில் மதுரைச் சமவெளியில் வெயில் நாற்பது பாகை செல்சியசைத் தொடும் நாட்கள் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று புழுதியோடு வீசுகிறது. தென்மேற்குப் பருவத்தின் மழையை மலைகள் தடுத்துவிடுவதால் நமக்குக் காற்று மட்டுமே மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, சுவரெல்லாம் கசிவு. மார்கழியில் பனி. இத்தனையையும் ஒரு மரப்பெட்டி ஓராண்டுக்குள் தாங்கவேண்டும்.

எனவே பெட்டிக்குள் வைப்பதா, வெளியில் வைப்பதா என்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி, வீட்டில் எந்த இடம் என்பது. பரண் கூடவே கூடாது. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்கிறது. அதற்கு ஒரு முழம் கீழே இருக்கும் பரண் நம் வீட்டிலேயே மிகச் சூடான இடம். தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த வீடுகளில் இன்னும் மோசம். இரும்புப் பீரோவின் தலைமேல் வைப்பதும் இதனோடு சேர்ந்ததே. பழைய முறைப்படி வஜ்ரத்தால் ஒட்டியதாயினும், இன்றைய பசையால் ஒட்டியதாயினும், அறுபது பாகையை அடுத்த சூட்டில் பசை இளகத் தொடங்கும். ஒரு மூட்டைப் பாரம் இழுத்துக்கொண்டிருக்க, இளகிய பசை என்ன செய்யும்? வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் இந்தச் சூடு எளிதில் ஏறிவிடும். கறுப்புப் பெட்டி அதற்குக் காப்பு அன்று. அது சூட்டை இன்னும் வாங்கி வைத்துக்கொள்ளும். கோவில் விழாவுக்கு வண்டியில் கித்தார் கொண்டுபோகும் இளைஞர்கள் இதை மனத்தில் இருத்துவார்களாக.

மேற்குச் சுவரும், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் ஆகா. சன்னல் வெயில் விழுமிடம், அடுப்படி, குளியலறைக்கு ஒட்டிய சுவர் ஆகியவையும் அப்படியே. இரு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவர் ஓரம், தரையிலிருந்து சற்று உயர்ந்த இடம் நல்லது. கட்டிலுக்கடியில் தள்ளி வைப்போர் உண்டு. சூட்டுக்கு அது நல்ல இடந்தான். ஆயினும் வீடு கழுவும் நீரும் கறையானும் அங்கே எளிதில் எட்டும் என்பதால், இரண்டு மரச்சட்டங்களின்மேல், சுவரைத் தொடாமல் வைக்கவேண்டும்.

இனிப் பெட்டியா, வெளியா? என் எண்ணம் இது: நாள்தோறும் வாசிக்கப்படும் கித்தார், மேற்சொன்ன நல்ல இடம் கிடைத்தால், வெளியில் இருக்கட்டும். கண்ணெதிரே இருக்கும் கருவியைத்தான் பிள்ளை எடுக்கும். பூட்டிய பெட்டி ஒரு சிறு சோம்பலுக்குக் காரணமாகிவிடும். உப்பிய பலகையையும் உயர்ந்த தந்தியையும் நாள்தோறும் தொடும் கை உடனே கண்டுகொள்ளும். சுவரில் தொங்கவிடுவதானால் உட்சுவரில், ஆணி உறுதியாக நிற்கும் இடத்தில், சுவருக்கும் கித்தாருக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும்படி தொங்கவிடுக. தாங்கியில் நிறுத்துவதானால் கைக்குழந்தையும் ஆட்டுக்குட்டியும் ஓடும் கூடம் வேண்டாம். சில தாங்கிகளின் ரப்பர் உறை கித்தாரின் மெருகை அரித்துக் கறையேற்றும். ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிட்டால் போதும்.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுப்பதானால், அல்லது தேர்வுக்காலம் முழுதும் தொடப்போவதில்லை என்றால், பெட்டியே சிறந்தது. கெட்டிப் பெட்டி ஈரத்தையும் வறட்சியையும் தடுத்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையே காற்றில் நிகழும் ஏற்றத்தாழ்வு கித்தாரை எட்டுமுன்பே மறுபக்கம் திரும்பிவிடும். அதுவே அதன் பயன். புழுதியையும் பல்லியின் எச்சத்தையும் தவிர்ப்பது கூடுதல் ஆதாயம். துணிப்பைக்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு. அது எடுத்துச் செல்வதற்கே.

ஆனால் மூன்று நாள் விடாமழைக்குப்பின், நனைந்த கையோடும் வியர்த்த தந்தியோடும் கித்தாரைப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டினால், உள்ளே அடைபட்டது ஈரமே. பூஞ்சை பிடித்த உள்துணியின் நாற்றம் பிறகு எளிதில் போகாது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, மழை விட்ட பிற்பகலில் பெட்டியைத் திறந்து கித்தாரை எடுத்து நிழலில் வைத்து வாசியுங்கள். வெறும் பெட்டியை மட்டும் அரைமணி நேரம் காலை வெயிலில் காட்டி, ஆறியபின் கருவியை உள்ளே வையுங்கள். புதிய செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் திரட்டி வைப்போர் உண்டு. அவை முன்பே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும். நிறம் மாறும் வகையை வாங்கினால், ஈரமேறியதும் நிறம் காட்டிக்கொடுக்கும். உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசியை முடிந்து வைக்கச் சொல்லும் வைத்தியம் எலிக்கும் வண்டுக்கும் அழைப்பிதழ். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில மெருகுகளையும் பிளாஸ்டிக் பாகங்களையும் கெடுக்கும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி இப்போது ஒரு தீப்பெட்டியளவில் கிடைக்கிறது. பெட்டிக்குள் ஒன்று கிடந்தால் ஊகத்துக்கு வேலை இல்லை.

உறையிட்டுக் காப்பது நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், வாத்தியங்களைப் பைகளில் கட்டித் தோளில் காவிச் செல்லும் கூத்தரைக் காட்டுகிறது. அப்பைகள் பலாக்காய்க் கொத்துப்போல் தொங்கினவாம். இசைக்கலங்களை இடும் அப்பைக்குக் ‘கலப்பை’ என்று பெயர். ஏர்க்கலப்பையை மட்டுமே அறிந்த நமக்கு அந்தப் பழஞ்சொல் மகிழ்ச்சி தரவேண்டும்.

பேணினால் கித்தார் எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் சிற்றூரில், ‘அமைதியான இரவு’ என்று உலகமெல்லாம் அறிந்த கிறிஸ்து பிறப்புப் பாடல் முதன்முதல் பாடப்பட்டபோது துணைநின்றது கித்தாரே. பாடலை எழுதிய அருட்பணியாளர் யோசேப்பு மோர் வாசித்தார். இசையமைத்தவர் பிரான்ஸ் குரூபர். ஆர்கனை எலி கடித்துவிட்டதால்தான் கித்தார் வந்தது என்பது பின்னாளில் கட்டிய கதை. மோருடைய கித்தார் இன்றும் ஹாலைன் நகரக் காட்சியகத்தில் இருக்கிறது.

தந்திகளைப் பற்றி ஒரு சொல். சில வாரம் தொடாமல் இருக்கப் போவதற்காக எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டியதில்லை. பல மாதங்கள் வைக்கப்போவதானால், ஒவ்வொன்றையும் ஒரு சுரம், இரண்டு சுரம் தளர்த்தினால் போதும். முற்றும் அவிழ்த்தால் கழுத்து மறுபுறம் வளையக்கூடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து வையுங்கள். வியர்வையின் உப்பு எஃகைத் தின்னும்.

மாதத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்து, பிரிட்ஜின் பின்விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் நலம். நுழைந்தால், கட்டை எழும்பத் தொடங்கிவிட்டது. அன்றே தந்திகளைத் தளர்த்திவிட்டு, மதுரையிலோ வேறெங்கோ கித்தார் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். கடையில் விற்கும் பசையைப் பிதுக்கி ஊற்றுவதும், தச்சரிடம் கொடுத்துத் திருகாணி முடுக்குவதும் வேண்டாம். பிறகு பழுது பார்ப்பவரின் பொழுதில் பெரும்பகுதி, நாம் பூசிய பசையைச் சுரண்டி எடுப்பதிலேயே கழியும். கூலியும் அதற்கேற்பவே இருக்கும்.