வளரும் பிள்ளைக்கு எவ்வளவு சுதந்திரம்?



நாற்றங்கால் விட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இளநாற்றை நட்டுத் தண்ணீரை நிறையக் கட்டினால் மூழ்கி அழுகிவிடும். "இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்" என்று விட்டால் நாற்று முற்றிவிடும். பிறகு நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. பிள்ளை வளர்ப்பும் இப்படித்தான். பருவம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். இந்த வயதில் உடம்பு வேகமாக வளர்ந்துவிடும். ஆனால் பின்விளைவை யோசித்து முடிவெடுக்கும் மூளைப்பகுதி 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் ஆள் வளர்ந்த பிள்ளையும் அவசரப்பட்டுவிடுகிறான். அதற்காகக் கட்டிப்போட்டு வைக்கலாமா? கூடாது. முடிவெடுத்துப் பழகினால்தான் அந்தத் திறமை வரும்.

எதை விடலாம்?

என்ன சட்டை போடுவது, எந்த நேரம் படிப்பது, கடையில் சாமான் வாங்கிக் கணக்குச் சொல்வது ஆகியவற்றைப் பிள்ளையிடமே விடுங்கள். தப்பு செய்தாலும் நஷ்டம் பத்து இருபது ரூபாய்தான். பாடம் பெரிது.

எதை விடக்கூடாது?

உயிருக்கு ஆபத்தானதை விடக்கூடாது. மேட்டூர் அணை திறந்து ஓடம்போக்கியிலும் வெட்டாற்றிலும் புதுத்தண்ணீர் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆற்றிலுள்ள பள்ளம் மேலே தெரியாது. வெறுமனே "போகாதே" என்றால் ஒளிந்து போவார்கள். நீங்களே கூடப் போய் நீச்சல் கற்றுக்கொடுங்கள். தனியாக இறங்கக்கூடாது, மதகுப் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

18 வயது ஆகாத பையனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

பெண்பிள்ளைக்கு வேறு நியாயமா?

"வயசுக்கு வந்த புள்ளய அவ்வளவு தூரம் எப்படிங்க அனுப்புறது?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் படிப்பை நிறுத்துவது அதற்கு மருந்து அல்ல. பள்ளிக்கூடம் நின்றால் அடுத்த பேச்சு கல்யாணம். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறு வயதில் உண்டாகும் கர்ப்பத்தால் இரத்தசோகை, கஷ்டப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளில் நாலு பெண்கள் சேர்ந்து போய் வரட்டும். அண்ணனுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டம் வேண்டாம்.

நீங்கள் இருவரும் ஒரே பேச்சாக இருங்கள்

அப்பா "போ" என்று, அம்மா "போகாதே" என்றால், பிள்ளை நடுவில் புகுந்துவிடும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இருவரும் முதலில் கலந்து பேசுங்கள். பிறகு பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே? யாரோடு? எத்தனை மணிக்குத் திரும்புவாய்? சொன்னபடி வந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். தவறினால் ஒரு வாரம் குறையுங்கள். அடிக்க வேண்டாம். அடிக்குப் பயந்த பிள்ளை பொய் சொல்லப் பழகும்.

யாராவது தொந்தரவு கொடுத்தால் பிள்ளை முதலில் உங்களிடம்தான் ஓடி வர வேண்டும். "திட்டுவாங்களோ" என்று பயந்து மறைத்துவிட்டால் நம் காவல் எல்லாம் வீண். அவசர உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.