அரசு உதவி பெற்றால் குடியிருப்பு உரிமை போய்விடுமா?

அமெரிக்க நாட்டில் மகனோ மகளோ வாழும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உள்ளன. பேறுகாலத்திற்கு உதவச் சென்றுவரும் தாய்மாரும், பெற்றோரை நிலையாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகளும் அவற்றுள் உண்டு. இக்குடும்பங்களிடையே ஓர் அச்சம் நிலவுகிறது. "அங்கே அரசு தரும் எதையும் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் கிரீன் கார்டு கிடைக்காது" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்கின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் உண்மையைக் காட்டிலும் அச்சம் பெரிதாக வளர்ந்து, பசித்த குழந்தையின் தட்டையே தள்ளிவைக்கும் அளவுக்குப் போய்விட்டது என்பதே நம் கவலை.

இச்சட்டம் இன்று நேற்றுப் பிறந்ததன்று. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாமல் பொதுமக்கள் பணத்துக்குச் சுமையாகக் கூடியவரை நாட்டிற்குள் அனுமதிக்கலாகாது என்று 1882ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா சட்டம் இயற்றியது. அத்தகையவரை 'பப்ளிக் சார்ஜ்' என்பர். 'பொதுச்சுமை' என்று நாம் சொல்லலாம். ஒருவர் இதுவரை என்ன பெற்றார் என்பது மட்டும் இங்கே கேள்வியன்று. இனிமேல் சுமையாவாரா என்பதே கேள்வி. ஆகவே விண்ணப்பதாரரின் வயது, உடல்நலம், குடும்ப நிலை, சொத்தும் வருமானமும், கல்வியும் தொழில்திறனும் ஆகிய அனைத்தையும் சேர்த்தே அதிகாரி எடைபோட வேண்டும் என 1996ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது.

அப்படியானால் எந்த உதவி கணக்கில் சேரும்? குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 1999இல் வெளியான வழிகாட்டுதலின்படி, பிழைப்புக்காக அரசு தரும் ரொக்கப் பணத்தை நம்பியிருப்பதும், அரசுச் செலவில் நீண்டகாலம் பராமரிப்பு இல்லத்தில் தங்குவதுமே பொதுச்சுமை எனக் கருதப்பட்டன. 2019இல் டிரம்ப் அரசு இந்த வேலியை அகலமாக்கியது. ஃபுட் ஸ்டாம்ப் எனப்படும் உணவு உதவி, மெடிக்கெய்ட் எனும் மருத்துவ உதவி, வீட்டு வாடகை உதவி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. முப்பத்தாறு மாதங்களுக்குள் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இவற்றைப் பெற்றவர் பொதுச்சுமை ஆவார். ஒரே மாதத்தில் இரண்டு உதவிகள் பெற்றால் அது இரண்டு மாதங்களாகவே எண்ணப்படும்! 2020 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த அவ்விதி 2021 மார்ச்சில் கைவிடப்பட்டது. 2022 டிசம்பரில் செயலுக்கு வந்த புதிய விதி பழைய குறுகிய வரையறைக்கே திரும்பியது. பின்னர் 2025 நவம்பரில், இந்த 2022ஆம் ஆண்டு விதியை நீக்கும் முன்மொழிவை அரசு வெளியிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் விதியும் மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் உள்ளது என்று விசாரித்தறிதல் இன்றியமையாதது.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கடுமையான 2019ஆம் ஆண்டு விதிகூட, பிள்ளை பெறும் உதவியைப் பெற்றோரின் கணக்கில் எழுதவில்லை. பள்ளியில் தரப்படும் மதிய உணவை அது தொடவில்லை. இருபத்தொரு வயது நிரம்பாதவர்களும் கருவுற்ற தாய்மாரும் பெறும் மெடிக்கெய்டையும் விலக்கியே வைத்திருந்தது. நடந்தது என்ன? அவ்விதி நடப்புக்கு வருமுன்பே, 2018இல், 'அர்பன் இன்ஸ்டிட்யூட்' என்ற ஆய்வு நிறுவனம் குடியேறிய குடும்பங்களை விசாரித்தது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர், தாமோ தம் குடும்பத்தாரோ கிரீன் கார்டுக்குக் கேடு வருமென்று அஞ்சி உதவியைத் தவிர்த்ததாகக் கூறினர். அங்கேயே பிறந்து அந்நாட்டின் குடிமகனாகவே இருக்கும் குழந்தைக்கு உரிய பாலையும் மருந்தையும் பெற்றோரே மறுப்பதை என்னென்பது! சட்டம் கேட்காத காணிக்கை இது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. கிரீன் கார்டுக்காகக் காத்திருப்போருள் பெரும்பாலார்க்கு இவ்வுதவிகளைப் பெறும் தகுதியே கிடையாது. வேலை விசாவில் இருப்பவருக்கு ஃபுட் ஸ்டாம்ப் இல்லை. கிரீன் கார்டு பெற்ற பின்னரும், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, மைய அரசின் பல உதவிகளுக்குப் பெரியவர்கள் ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இதை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம். அங்கு மருத்துவமனைச் செலவு எத்தகையது என்பது எல்லாருக்கும் தெரியும். காப்பீட்டுக்கு வழிசெய்யாமல் சர்க்கரை நோயுள்ள தந்தையை விமானம் ஏற்றுவது அன்பாகாது.

பெற்றோரை அழைக்கும் உரிமை, குடியுரிமை பெற்ற இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கே உண்டு. அப்பிள்ளை ஐ-864 என்னும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். குடும்பத்தின் அளவுக்கேற்ப அரசு வகுத்த வறுமைக் கோட்டைவிட நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு கூடுதலான வருமானம் காட்ட வேண்டும். போதாவிடில் மற்றொருவர் இணைப் பொறுப்பாளராக ஒப்பமிடலாம். "ஒரு கையெழுத்துத்தானே, மாமா" என்று உறவினரிடம் நீட்டப்படும் தாள் இதுதான். இது வெறும் சடங்கன்று. நீதிமன்றத்தில் செல்லக்கூடிய ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது சுமார் பத்தாண்டு உழைப்புக்கு ஈடான நாற்பது காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும்வரை, அல்லது அவர் இறக்கும்வரை, அல்லது நாட்டைவிட்டு நிலையாக நீங்கும்வரை அப்பொறுப்பு நீடிக்கும். கணவன் மனைவிக்காக ஒப்பமிட்டு, பின்னர் மணமுறிவு ஏற்பட்டாலும் அது தீராது. வந்தவர் சில அரசு உதவிகளைப் பெற்றால், அத்தொகையைக் கையொப்பமிட்டவரிடம் அரசு கேட்கவும் இடமுண்டு. உறவு முறிவதற்குக் காரணமாகக் கூடிய இத்தாளை, வாசித்துப் புரிந்துகொண்ட பிறகே தொட வேண்டும்.

கிரீன் கார்டு கைக்கு வந்த பின் பொதுச்சுமைக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் இச்சோதனை இல்லை. ஆயினும் ஊர்ப்பாசத்தால் இங்கு வந்து தங்கிவிடும் முதியோர் ஒன்றை நினைவிற்கொள்க. நூற்றெண்பது நாட்களுக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கித் திரும்பினால், புதிதாக நுழைபவரைப் போலவே அவரை அதிகாரி வினவலாம். அகதிகளுக்கும் புகலிடம் பெற்றோருக்கும் இச்சோதனையிலிருந்து சட்டமே விலக்களித்திருக்கிறது.

ஏற்கெனவே உதவி பெற்றுவிட்டவர் அதை மறைக்க எண்ணுவதுண்டு. இது பெருந்தவறு. பெற்ற உதவி விண்ணப்பத்தைப் பாதிக்காமலே போகலாம். பொய்யுரை கண்டுபிடிக்கப்பட்டாலோ அதுவே உள்ளே நுழையத் தடையாகிவிடும். எந்த உதவி, எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, யார் பெயரில் என்பதற்கான கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் அனுபவத்தைக் கேட்டு முடிவெடுப்பதினும், குடியேற்றச் சட்ட வழக்கறிஞரையோ, அந்நாட்டு நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியையோ அணுகுவதே தக்கது. அமெரிக்க ஆயர்கள் 1988இல் நிறுவிய கத்தோலிக்கக் குடியேற்றச் சட்ட வலையமைப்பைச் சேர்ந்த அலுவலகங்கள் அங்குப் பல மறைமாவட்டங்களில் உள்ளன. அங்குள்ள நம் பிள்ளைகள் தங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டால், அருகிலுள்ள அலுவலகத்தின் முகவரியை அறிந்துகொள்ளலாம்.