கோட்டின் மேல் நிற்கும் கால்

கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்குள் பத்துப் பேர். நேராக ஓடி வேகமெடுக்க எவருக்கும் இடம் கிடைப்பதில்லை. 1995-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்தது. ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஏறக்குறைய ஆயிரம் முறை அசைவை மாற்றுகிறார். அதாவது இரண்டு விநாடிக்கு ஒரு முறை. நடை ஓட்டமாகிறது, ஓட்டம் பக்கவாட்டு நகர்வாகிறது, அது தாவலாகிறது. இங்கே வேகம் என்பது நின்று திரும்பும் வேகம்.

திரும்ப வேண்டுமானால் முதலில் வேகம் குறைய வேண்டும். அந்த வேலையைக் கடைசி அடியிடம் மட்டும் ஒப்படைப்பது தவறு. அதற்கு முந்தைய அடியிலேயே இடுப்பும் முழங்காலும் மடங்கி, உடல் தாழ்ந்து, வேகத்தில் ஒரு பகுதி கரைந்துவிட வேண்டும். கரையாவிட்டால், நீட்டி ஊன்றிய ஒற்றைக் காலில் மொத்தச் சுமையும் இறங்கும். முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுந்துபோகலாம். பெண்களின் ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டக் காணொளிகளை ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்ட 40 மில்லிவிநாடி அளவிலேயே இது நேர்வதாக மதிப்பிட்டனர். கண் இமைக்கவே அதைவிட நேரமாகும். தவறு தெரிந்து திருத்திக்கொள்ள அவகாசம் இல்லை. உடல் முன்பே பழகியிருந்தால்தான் உண்டு.

இதைப் பழக்குவதற்குத் திடல்களில் பிளாஸ்டிக் கூம்புகளையும் கயிற்று ஏணியையும் விரிக்கிறார்கள். ஏணிக் கட்டங்களுக்குள் படபடவென்று கால் பதிவது பார்க்க அழகுதான். ஆனால் எங்கே திரும்ப வேண்டும் என்பது ஓடுபவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் அது எதிராளிக்குத்தான் தெரியும். ஷெப்பர்ட், யங் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் இந்த வேறுபாட்டை வரையறுத்தார்கள்: ஒரு தூண்டலைக் கண்டு அதற்கேற்ப உடல் முழுவதும் வேகமோ திசையோ மாறுவதே சுறுசுறுப்பு. கூம்பு அசையாது. தோளைக் குலுக்கி ஏமாற்றவும் அதற்குத் தெரியாது.

ஏமாற்றும் எதிராளியை வைத்துப் பழகும் ஆட்டம் மலேசியப் பள்ளித் திடல்களில் எப்போதிருந்தோ இருக்கிறது. மலாயில் காலா பஞ்சாங்; யாழ்ப்பாணத்தார் கிளித்தட்டு என்பார்கள். மலேசியாவின் கேரி தீவை எடுத்துக்கொள்ளுங்கள்: கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றின் கழிமுகத்தில், கரை கட்டிக் கடலைத் தடுத்த களிமண் பூமி. எங்கு பார்த்தாலும் செம்பனை. இத்தகைய தோட்டப்புறத்தில் இந்த ஆட்டத்துக்கு வேண்டியது கோடு கிழிக்க ஒரு குச்சி, அல்லது ஏற்கெனவே கோடு போட்ட பூப்பந்துக் களம். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒரு காவலர். அவர் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. பெரும்பாலும் இடமும் வலமும் மட்டுமே நகரலாம். எதிரணியினர் தொடுபடாமல் எல்லாக் கோடுகளையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

அந்தக் காவலரைச் சற்று உற்றுப் பார்த்தால், கூடைப்பந்தின் தடுப்பாட்டக்காரர் தெரிவார். முழங்கால் மடங்கி, கைகள் விரிந்து, குதிகால் தரையில் அழுந்தாமல் நிற்கிறார். தலையையும் தோளையும் ஆட்டி ஏமாற்றலாம். இடுப்பு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. நன்றாக ஆடுகிறவர் பார்ப்பதும் அதைத்தான். கூடைப்பந்துப் பயிற்றுநர்கள் ‘பந்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார்’ என்பதும் இதனால்தான். பிலிப்பீன்ஸில் இதே ஆட்டத்துக்குப் பதின்தேரோ என்று பெயர். அந்த நாட்டின் கூடைப்பந்துப் பித்து ஊரறிந்தது. இரண்டையும் முடிச்சுப் போட ஆசையாயிருக்கும். அதற்குச் சான்று வேண்டும்.

காலா பஞ்சாங் எல்லாவற்றையும் தந்துவிடாது. கோட்டுக் காவலர் அவசரத்தில் காலைப் பின்னிக்கொண்டு ஓடினாலும் ஆட்டம் நடக்கும். கூடைப்பந்தில் கால் பின்னிய நொடியில் எதிராளி மறுபக்கம் போய்விடுவார். அதனால் வலப்பக்கம் நகரும்போது இடக்கால் தரையை உந்தித் தள்ள வேண்டும். வலக்காலை எட்டி வைத்து உடலை இழுக்கக் கூடாது. பின்வாங்கும் அடியையும் தனியே பழக வேண்டும், ஏனெனில் கூடைப்பந்துக்காரரைக் கோடு எதுவும் கட்டிப்போடுவதில்லை.

தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழை பெய்த களிமண்ணில் திடீரென்று திரும்புவது விழுவதற்கு வழி. காய்ந்த சிமெண்ட் தளத்தில் தொல்லை வேறு: ரப்பர் அடிப்பாகம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, கால் நின்றுவிடும், உடல் போய்க்கொண்டே இருக்கும். மரத்தளத்தில் படிவது தூசி. ஆட்டம் நிற்கும் இடைவெளியில் ஆட்டக்காரர்கள் காலைத் தூக்கி, உள்ளங்கையால் காலணியின் அடியைத் துடைத்துக்கொள்வது அந்தத் தூசியை அகற்றத்தான்.